கனடா கைவிட்டதால் கார்பன் விலை தோற்றுவிட்டதா?

கேள்வி இது: "கனடா 2025-இல் கார்பன் வரியை எடுத்துவிட்டது. ஆஸ்திரேலியா 2014-லேயே எடுத்துவிட்டது. பணக்கார நாடுகளாலேயே முடியாததை இந்தியா ஏன் இப்போது கார்பன் சந்தை என்று தொடங்குகிறது? விலை வைத்தால் உண்மையிலேயே புகை குறையுமா, இல்லை இதுவும் இன்னொரு வரிதானா?"

குறையும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவுக்குக் குறையாது. அந்த விலை யார் தலையில் விழுகிறது, அவருக்கு வேறு வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனடா எடுத்தது கார்பன் விலையின், அதாவது வெளியேறும் கரியமில வாயுவுக்கு வைக்கும் விலையின், ஒரு பாதியை மட்டும்தான். பெட்ரோலுக்கும் வீட்டு எரிவாயுவுக்கும் மக்கள் கட்டிவந்த பாதி போய்விட்டது. பெரிய தொழிற்சாலைகள் கட்டும் பாதி இன்னும் இருக்கிறது. "கார்பன் வரி ஒழிந்தது" என்ற தலைப்பில் வந்த செய்திகளில் பலவற்றில் இந்த இரண்டாவது பாதியைப் பற்றிப் பேச்சே இல்லை.

அடிப்படை யோசனை பழையது. ஒருவன் கக்கும் புகையால் மற்றவர்களுக்கு வரும் செலவை அவன் தலையிலேயே கட்ட வேண்டும் என்று பிகு என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1920-இல் எழுதிவிட்டார். பின்லாந்து 1990-இலும் நார்வேயும் ஸ்வீடனும் 1991-இலும் கரியமில வாயுவுக்கு வரி போட்டன. எந்த ஆலை எதை மாற்றினால் செலவு குறைவு என்பது அரசுக்குத் தெரியாது, ஆலைக்காரனுக்குத் தெரியும். விலையை மட்டும் வைத்துவிட்டால் அவனே கணக்குப் போட்டுக்கொள்வான். இவ்வளவுதான் தத்துவம். நடைமுறைதான் சுவாரசியம்.

விலை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க எனக்குப் பிடித்த உதாரணம் பிரிட்டன். 2012-இல் அங்கே மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தது. எரிவாயு மின்நிலையங்களும் நிறைய இருந்தன, ஆனால் அப்போது நிலக்கரி மலிவு என்பதால் அவை பாதி நேரம் சும்மா நின்றன. 2013 ஏப்ரலில் பிரிட்டன், ஆலைகள் புகைவிடும் அனுமதிச் சீட்டுகளை வாங்கி விற்கும் ஐரோப்பியச் சந்தையின் விலைக்கு மேலே, மின்நிலையங்கள் எரிக்கும் எரிபொருளுக்குத் தனியாக ஒரு கார்பன் கட்டணம் போட்டது. டன்னுக்குச் சுமார் 5 பவுண்டில் தொடங்கி, 2015 ஏப்ரலில் அது 18 பவுண்டு ஆனது.

கணக்கைப் பாருங்கள். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய 900 கிராம் கரியமில வாயு வெளியேறும். எரிவாயுவில் எடுத்தால் 400 கிராமுக்குள். டன்னுக்கு 18 பவுண்டு என்றால் நிலக்கரி யூனிட்டுக்கு 1.6 பென்ஸ் கூடுகிறது, எரிவாயு யூனிட்டுக்கு 0.7 பென்ஸ். வித்தியாசம் ஒரு பென்ஸ்கூட இல்லை. ஆனால் மொத்த விலையே யூனிட்டுக்கு நாலைந்து பென்ஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. எந்த நிலையத்தை முதலில் ஓட்டுவது, எதைக் கடைசியில் ஓட்டுவது என்ற வரிசையை நம்மூர் மின்வாரியத்தில் மெரிட் ஆர்டர் என்பார்கள். அந்த வரிசை தலைகீழானது. ஏற்கெனவே கட்டி நின்ற எரிவாயு நிலையங்கள் முன்னால் வந்தன, நிலக்கரி நிலையங்கள் பின்னால் போய், குளிர்கால மாலைகளில் மட்டும் தேவைப்படும் நிலைக்கு வந்தன. 2017 ஏப்ரல் 21 அன்று, 1882-க்குப் பிறகு முதல் முறையாக ஒரு முழு நாள் நிலக்கரி இல்லாமல் பிரிட்டனில் மின்சாரம் ஓடியது. 2018-இல் நிலக்கரியின் பங்கு 5 சதவீதம் அளவுக்கு இறங்கியது. கடைசி நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது.

எல்லாப் பெருமையும் இந்த 18 பவுண்டுக்குத்தான் என்று சொல்ல மாட்டேன். பழைய நிலையங்களைக் கட்டாயமாக மூடவைத்த ஐரோப்பிய மாசுச் சட்டங்களும் காற்றாலைகளும் கூடவே வேலை செய்தன. ஆனால் எரிவாயு முந்தியதற்கு விலைதான் முக்கியக் காரணம். உருக்கு, வேதிப்பொருள் ஆலைகள் முணுமுணுத்தன. அவற்றுக்கு இழப்பீடு கொடுத்தார்கள், கட்டணத்தையும் 18 பவுண்டுக்கு மேல் ஏற்றாமல் நிறுத்திவைத்தார்கள். சாதாரண மக்களில் பலருக்கு இப்படி ஒரு கட்டணம் இருப்பதே தெரியாது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கனடாவுக்கு வரும்போது தேவைப்படும்.

இதே மருந்தை இந்தியாவும் ஏற்கெனவே சாப்பிட்டிருக்கிறது என்பது பலருக்கு நினைவில்லை. 2010-இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் என்று தூய எரிசக்தி செஸ் வந்தது. 2014-இல் 100, 2015-இல் 200, 2016-இல் 400. ஒரு டன் இந்திய நிலக்கரி எரிந்தால் ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் மேலாகவே கரியமில வாயு வரும் என்று வைத்தால், இது டன் கரியமில வாயுவுக்குச் சுமார் 250 ரூபாய். பெயர் வைக்காத கார்பன் வரி. மின்சாரத்தில் யூனிட்டுக்கு 25 முதல் 30 பைசா வரை கூடியிருக்கும்.

நிலக்கரி குறைந்ததா? இல்லை. விலை குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இங்கே வரிசையில் முன்னால் வர எதுவும் காத்திருக்கவில்லை. எரிவாயு நம் நாட்டில் விலை அதிகம், இருந்த எரிவாயு நிலையங்களே எரிபொருள் கிடைக்காமல் நின்றன. எல்லா அனல் மின் நிலையமும் ஒரே செஸ்ஸைக் கட்டினால் யார் யாரை முந்துவது? செஸ் அப்படியே மின்கட்டணத்துக்குப் போனது. அந்தப் பணத்தை வைத்துச் சூரிய மின்சக்தியை வளர்த்திருந்தாலாவது மாற்று உருவாகியிருக்கும். நிதியின் பெரும்பகுதி செலவாகாமலே கிடந்தது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது செஸ் பெயர் மாறி, மாநிலங்களுக்கு ஜிஎஸ்டி இழப்பீடு கொடுக்கும் கணக்கில் சேர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் இல்லை. பதிலாக நிலக்கரி மீதான ஜிஎஸ்டியை 5-லிருந்து 18 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். டன்னுக்கு இவ்வளவு என்று இருந்தது விலையில் இத்தனை சதவீதம் என்று ஆனதால், மலிவான, சாம்பல் அதிகமுள்ள நிலக்கரிக்கு வரி குறைந்து, தரமான நிலக்கரிக்குக் கூடுகிறது. மாசைக் குறைக்கும் நோக்கம் இருந்தால் இப்படி யாரும் செய்ய மாட்டார்கள். வரி வசூல் நோக்கில் பார்த்தால் சரிதான்.

அப்புறம் கனடா. இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

2019 ஏப்ரலில் கனடாவின் மத்திய அரசு, தனியாகத் திட்டம் வைத்திராத மாகாணங்களில் எரிபொருள் கட்டணத்தைத் தொடங்கியது. டன்னுக்கு 20 கனடிய டாலர். ஆண்டுதோறும் ஏறி 2024 ஏப்ரலில் 80 டாலர் ஆனது. 2030-இல் 170 என்பது திட்டம். வசூலில் சுமார் 90 சதவீதம் நேராகக் குடும்பங்களுக்கே திரும்பிப் போனது. சம்பளம் எவ்வளவு, எவ்வளவு எரித்தீர்கள் என்ற கேள்வியே இல்லை. குறைவாக எரித்தவருக்கும் அதே தொகை, அதிகமாக எரித்தவருக்கும் அதே தொகை. குறைத்தால் லாபம் உங்களுக்கு.

ஒன்டாரியோ மாகாணத்தில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நாலு பேர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 80 டாலர் விலையில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 17.6 சென்ட், எரிவாயுவுக்கு ஒரு கன மீட்டருக்கு 15.25 சென்ட். ஆண்டுக்கு 2,000 லிட்டர் பெட்ரோல் போட்டால் 352 டாலர். வீட்டைச் சூடாக்க 2,200 கன மீட்டர் எரிவாயு எரித்தால் 335 டாலர். அதன் மேல் 13 சதவீத விற்பனை வரியையும் சேர்த்தால் மொத்தம் 777 டாலர் பக்கம். 2024-25-இல் ஒன்டாரியோவில் அந்தக் குடும்பத்துக்குத் திரும்பி வந்தது 1,120 டாலர். காய்கறி, லாரி வாடகை என்று மறைமுகமாக ஏறிய விலையை மிச்சத்தில் கழித்தாலும், இப்படிப்பட்ட குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு நஷ்டம் இருந்திருக்காது. நாடாளுமன்ற பட்ஜெட் அதிகாரி அலுவலகமும் வரியையும் திரும்பி வரும் தொகையையும் மட்டும் வைத்துப் பார்த்தால் பெரும்பாலோர் லாபத்தில்தான் இருக்கிறார்கள் என்றது. பொருளாதாரம் முழுவதிலும் ஏற்படும் பாதிப்பைச் சேர்த்து அவர்கள் போட்ட இன்னொரு கணக்குதான் எதிர்க்கட்சிக்கு ஆயுதமானது. அதில் தொழிற்சாலைகள் கட்டும் விலையின் தாக்கத்தையும் தவறுதலாகச் சேர்த்துவிட்டோம் என்று 2024-இல் அந்த அலுவலகமே ஒப்புக்கொண்டது. அதற்குள் அந்த எண்கள் ஊரெல்லாம் சுற்றி முடித்துவிட்டன.

லாபம் என்றால் மக்கள் ஏன் கோபப்பட்டார்கள்? பிரிட்டனில் கட்டணம் கண்ணுக்குத் தெரியவில்லை, இங்கே பெட்ரோல் பங்கில் விலை ஏறுவது வாரா வாரம் கண்ணில் பட்டது. திரும்பி வருவது படவில்லை. முதலில் சில ஆண்டுகள் அது வருமான வரிக் கணக்கில் பத்தோடு பதினொன்றாகக் கரைந்துபோனது. 2022 ஜூலையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை வங்கிக் கணக்கில் போட்டார்கள். ஆனால் வங்கிக் கணக்கு விவரத்தில் எது எதற்கு வந்த பணம் என்றே பலருக்குப் புரியாத மாதிரி ஒரு பெயர். 2024 தொடக்கத்தில்தான் "கனடா கார்பன் தள்ளுபடி" என்று பெயரை மாற்றினார்கள். ஐந்து வருஷம் தாமதம். நம் ஊரில் ஆயிரம் ரூபாய் கொடுத்தாலே அது யார் கொடுத்தது, எந்தத் திட்டம் என்று ஒரு குழந்தைக்கும் தெரியும்படி செய்துவிடுவார்கள். அந்தக் கலை கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் விலைவாசி ஏறியது. கட்டணத்தால் வந்த பங்கு சிறியது. ஆண்டுதோறும் ஏற்றுவதால் பணவீக்கத்தில் 0.15 சதவீதப் புள்ளி கூடும், முழுவதும் எடுத்தால் ஒரே ஒரு முறை 0.6 புள்ளி குறையும் என்று கனடா மத்திய வங்கி சொன்னது. எதிர்க்கட்சித் தலைவர் பியர் பொய்லியேவ் "வரியை வெட்டு" என்ற கோஷத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனபோது யாரும் 0.15-ஐப் பேசவில்லை.

என் பார்வையில் கதையை முடித்தது எதிர்க்கட்சி மட்டும் இல்லை. 2023 அக்டோபரில் அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்று ஆண்டு விலக்கு கொடுத்தார். அந்த எண்ணெய் அதிகம் எரிவது அட்லாண்டிக் கரை மாகாணங்களில், அவருடைய கட்சி வலுவாக இருந்த இடத்தில். எரிவாயுவில் வீட்டைச் சூடாக்கும் மேற்கு மாகாணங்கள் சும்மா இருக்குமா? சஸ்காட்சுவான் 2024 ஜனவரியிலிருந்து எரிவாயுவுக்கு வசூலிப்பதையே நிறுத்தியது. எல்லோருக்கும் ஒரே விலை என்பதுதான் இந்தத் திட்டத்தின் நியாயமே. அதைச் செய்தவரே உடைத்த பிறகு எதிர்த்தவர்களுக்கு வேலை மிச்சம். 2025 மார்ச் 14, மார்க் கார்னி பிரதமரான அன்றே அந்தக் கட்டணத்தைப் பூஜ்யமாக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். காலநிலைக்காக உலகம் முழுக்கப் பேசிய முன்னாள் வங்கித் தலைவர், முதல் வேலையாகச் செய்தது இது. ஏப்ரலில் பணவீக்கம் 2.3-லிருந்து 1.7 சதவீதமாக இறங்கியது. வங்கி சொன்ன அதே 0.6.

பெட்ரோல் கட்டணத்தால் உமிழ்வு எவ்வளவு குறைந்தது என்றால், கொஞ்சம்தான். 17.6 சென்ட் கூடியதற்காக யாரும் மறுநாளே காரை விற்றுவிட மாட்டார்கள், அடுத்த கார் வாங்கும்போது யோசிப்பார்கள். அதே நாட்டில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2008 ஜூலையிலேயே 10 டாலரில் தொடங்கி 2012-இல் 30-க்கு ஏற்றியது. வரியே இல்லாதிருந்தால் இருந்திருக்கும் அளவைவிட உமிழ்வு 5 முதல் 15 சதவீதம் குறைந்தது என்பது பல ஆய்வுகளின் மதிப்பீடு. போட்டது ஒரு வலதுசாரிச் சாய்வுள்ள அரசு. வசூலுக்கு ஈடாக வருமான வரியைக் குறைத்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் இடதுசாரிக் கட்சி அந்த வரியை எதிர்த்துப் பிரசாரம் செய்து தோற்றது. கட்சி நிறத்தை வைத்து இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பதற்காகச் சொன்னேன். 2025 ஏப்ரலில் அந்த மாகாணமும் மக்கள் கட்டும் பகுதியை எடுத்துவிட்டது.

ஆஸ்திரேலியா சீக்கிரம் சொல்லிவிடலாம். 2012 ஜூலையில் ஜூலியா கில்லார்ட் அரசு டன்னுக்கு 23 டாலர் வைத்தது. கட்டியவை சில நூறு பெரிய நிறுவனங்கள்தான். "என் ஆட்சியில் கார்பன் வரி இருக்காது" என்று தேர்தலுக்கு முன் அவர் சொன்ன ஒரு வாக்கியமே அவருக்கு எமனானது. பிறகு பிரதமரான டோனி அபட் 2014 ஜூலை 17 அன்று நீக்கினார். இருந்த இரண்டு ஆண்டும் மின்துறை உமிழ்வு இறங்கியது, எடுத்த பிறகு ஏறியது. வேடிக்கை என்னவென்றால், விலையேற்றத்துக்கு ஈடாக வருமான வரி விலக்கு வரம்பை 6,000 டாலரிலிருந்து 18,200 ஆக உயர்த்தியிருந்தார்கள். வரி போனது, சலுகை தங்கிவிட்டது. பிரான்ஸில் 2018 நவம்பரில் எரிபொருள் வரியை எதிர்த்து மஞ்சள் மேலங்கி போட்ட போராட்டக்காரர்கள் சாலைக்கு வந்ததும் இதே குடும்பத்துக் கதை. பணக்காரர்களின் சொத்து வரியைக் குறைத்த அதே ஆண்டில், காரை விட்டால் வேறு வழியில்லாத கிராமத்துக்காரனின் டீசலில் கை வைத்தார்கள். கார்பன் விலை அன்றைய 44.6 யூரோவிலேயே நிறுத்தப்பட்டது.

இப்போது இந்தியா. நம் திட்டம் வரி இல்லை, ஒரு வகைச் சந்தை. ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஜூனில் கார்பன் கடன் (குறைத்த உமிழ்வுக்குக் கிடைக்கும் சான்று) வர்த்தகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் சிமென்ட், அலுமினியம், குளோர்-ஆல்கலி (குளோரின், காஸ்டிக் சோடா தயாரிப்பு), காகிதம் ஆகிய துறைகளின் ஆலைகளுக்கு முதல் இலக்குகள் வந்தன. மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு கிடையாது. ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு கரியமில வாயு என்பதற்குத்தான் இலக்கு. அதற்குக் கீழே வந்தால் விற்க ஒரு சான்று கிடைக்கும், மேலே போனால் வாங்க வேண்டும். கனடா இன்னும் வைத்திருக்கும் தொழிற்சாலைப் பாதியும் ஏறக்குறைய இதே வடிவம்தான். வளரும் நாட்டுக்கு இது பொருத்தம். உற்பத்தி கூடினால் தண்டனை இல்லை.

ஆபத்து இலக்கு தளர்வாக இருப்பதில். ஐரோப்பாவின் சந்தை 2005-இல் தொடங்கியபோது அனுமதிச் சீட்டுகளைத் தாராளமாக இனாமாக வாரிக் கொடுத்தார்கள். 2007-இல் விலை ஏறக்குறைய பூஜ்யம். பிறகு மந்தநிலையில் மீண்டும் சீட்டு மிதமிஞ்சி, 2013-இல் 5 யூரோவுக்கும் கீழே போனது. தேவைக்கு மேல் உள்ள சீட்டுகளை உறிஞ்சிவைக்கும் ஏற்பாடு 2019-இல் வரப்போகிறது என்று உறுதியான பிறகே விலை எழுந்தது. 2023 பிப்ரவரியில் 100 யூரோவைத் தொட்டது. இன்று அந்தச் சந்தைக்குள் இருக்கும் ஆலைகளின் உமிழ்வு 2005-ஐவிட ஏறக்குறைய பாதி. பதினைந்து ஆண்டு தடுமாறினார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நம் திட்டத்தில் இன்னொரு பெரிய ஓட்டை, நாட்டின் உமிழ்வில் மிகப் பெரிய பங்கு வைத்திருக்கும் அனல் மின் நிலையங்களே முதல் சுற்றில் உள்ளே இல்லை. மேலே பிரிட்டன் கதையைச் சொன்னதற்கு ஒரு காரணம் இதுவும்தான். இப்போது சூரிய மின்சாரம் நிலக்கரியைவிட மலிவு. 2010-இல் செஸ் போட்டபோது இல்லாத மாற்று இன்று இருக்கிறது, விலை வைக்க வேண்டிய இடம் மட்டும் காலி.

"தலைக்கு ஆண்டுக்கு 2 டன் விடும் நாம், 14 டன் விடும் கனடாக்காரன் கைவிட்டதை ஏன் தூக்க வேண்டும்?" என்று கேட்பவர்களிடம் எனக்குப் பெரிய சண்டை இல்லை, நியாயமான கேள்வி. நடைமுறைப் பதில் ஒன்றுண்டு. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பா, இறக்குமதியாகும் உருக்கு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றுக்கு எல்லையில் கார்பன் கட்டணம் போடுகிறது. சொந்த நாட்டில் ஏற்கெனவே கார்பன் விலை கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள். நம் உருக்கு ஆலை கட்டத்தான் போகிறது என்றால், பணம் ஐரோப்பிய கஜானாவுக்குப் போவதைவிட இங்கேயே இருக்கட்டும் என்பது தில்லியின் கணக்கு. இலக்கு வாங்கிய முதல் நாலு துறைகளில் உருக்கு இல்லையே என்று நீங்கள் கேட்டால், கேட்க வேண்டிய கேள்விதான்.

கடைசியாக, வீட்டு பட்ஜெட். இந்தத் திட்டம் பெட்ரோலைத் தொடவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. 2025-இல் மத்திய, மாநில வரிகள் சேர்ந்து லிட்டருக்கு 35 ரூபாய்க்கு மேல் ஏற்கெனவே கட்டினோம். டன் கணக்கில் மாற்றினால் 15,000 ரூபாயைத் தாண்டும். சாலைக்கும் அரசு செலவுக்கும் போகும் வரி என்றாலும், அந்த அளவில் கனடாவின் 80 டாலரைவிட நாம் பல மடங்கு கட்டிக்கொண்டிருக்கிறோம், கோஷம் இல்லாமல். சிமென்ட்டில் தெரியும் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு டன் சிமென்ட்டுக்கு 600 கிலோ என்று வைத்தால் 50 கிலோ மூட்டைக்கு 30 கிலோ கரியமில வாயு. ஆலை தன் இலக்கை 5 சதவீதம் தவறவிட்டு, சான்றை டன்னுக்கு 800 ரூபாய் கொடுத்து வாங்கினாலும், மூட்டைக்குக் கூடுவது ஒரு ரூபாய் இருபது பைசா.